திண்டுக்கல் பிடிலும் தஞ்சை வீணையும்: ஆபிரகாம் பண்டிதரின் இசை ஒப்பீட்டில் குறிமுறையும் அளவையும்

ஆய்வுச் சுருக்கம்

இரு வேறு பண்பாடுகளின் இசையை ஒப்பிட வேண்டுமாயின் அவ்விரண்டையும் ஒரே குறிமுறையில் எழுத வேண்டும். அல்லது ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். அக்குறிமுறையும் அளவுகோலும் எவருடையவை என்னும் வினா, ஒப்பீட்டின் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சியும் பிடில் பயிற்சியும் பெற்றுத் தஞ்சையில் ‘கருணாமிர்த சாகரம்’ (1917) என்னும் பெருநூலை இயற்றிய ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) இவ்வினாவைத் தமிழில் முழுமையாக எதிர்கொண்ட முன்னோடிகளுள் ஒருவர். அவர் சுருதியை எண்ணாக்கிய முறையையும், அம்முறை தெளிவுபடுத்தியவற்றையும், அதன் வரம்புக்கு வெளியே நின்றவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆபிரகாம் பண்டிதர், திண்டுக்கல், சுரக்குறிப்பு, ஐங்கோட்டுக் குறிமுறை, சுருதி, வட்டப்பாலை, கமகம்

முன்னுரை

ஆபிரகாம் பண்டிதரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தஞ்சையில் தொடங்கித் தஞ்சையிலேயே முடிகின்றன. சங்கீத வித்தியா மகாஜன சங்கம், கருணாநிதி வைத்தியசாலை, கருணானந்தபுரத் தோட்டம், லாலி மின்னச்சகம் ஆகிய அனைத்தும் தஞ்சையைச் சார்ந்தவை என்பதால் இதில் வியப்பில்லை. ஆயினும் இசையை எழுதுதல், அச்சிடுதல், அளத்தல் என்னும் மூன்று நாட்டங்களுக்குமான தொடக்கப் பயிற்சி அவருக்குத் திண்டுக்கல்லிலேயே வாய்த்தது. தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்த அவர், 1870களில் திண்டுக்கல் நார்மல் பள்ளியில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். அங்கிருந்த யார்க் துரையிடம் ஒளிப்படக் கலையையும் அச்சுக் கலையையும், சடையாண்டிப் பத்தரிடம் பிடிலையும் அவர் கற்றதாக வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. 1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்து, அடுத்து இருவரும் ஆசிரியப் பணி ஏற்றுத் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தனர். திண்டுக்கல் வாழ்க்கை சில ஆண்டுகளே நீடித்தது. எனினும் அவ்வாண்டுகளில் அவர் கைக்கு வந்த கருவிகள் எவை என்பது ஆராயத்தக்கது.

ஒரே ஊரில் இரு எழுத்து மரபுகள்

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமைந்த திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு நகரம். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் நிலையம் அமைத்தது. அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774-1864) பாடல்களுக்கு அதில் சிறப்பிடம் உண்டு. ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளையே பாடிவந்த திருச்சபைகளுக்குள் இராக தாளங்களில் அமைந்த கீர்த்தனைகள் இவ்வாறு முறையாக நுழைந்தன.

இரண்டும் ஒரே வழிபாட்டில் பாடப்பட்டன. எழுதப்பட்ட முறையோ வேறு. ஞானப்பாட்டின் மெட்டு ஐந்து கோடுகளின்மேல் எழுதப்பட்டது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் முன்பின் கேட்டறியாத மெட்டையும் ஆர்மோனியத்தில் வாசித்துவிடலாம். கீர்த்தனையின் தலைப்பிலோ இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் மட்டுமே இருந்தன. கீழே பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். ‘தோடி, ஆதி’ என்னும் இரு சொற்கள் அறிந்தவருக்கு ஓர் உலகையே காட்டும். அறியாதவருக்கு எதையும் காட்டா. பின்னாளில் இசையியலாளர் சார்ல்ஸ் சீகர் 1958ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருவகைக் குறிப்புகளைப் பிரித்துக் காட்டினார். பாடுபவர் என்ன செய்ய வேண்டும் என்று ஏவும் குறிப்பு ஒன்று. பாடப்பட்டது எவ்வாறு ஒலித்தது என்று பதியும் குறிப்பு மற்றொன்று. ஏவற்குறிப்பைப் பதிவுக்குறிப்பாகக் கொண்டு பிற பண்பாட்டு இசையை எழுதுவதே பல பிழைகளுக்குக் காரணம் என்பது அவர் வாதம். மிஷன் பயிற்சிப் பள்ளிகளின் சூழலில் வளர்ந்த ஒருவர் இவ்விரு எழுத்து மரபுகளையும் அருகருகே கண்டிருப்பார். அவற்றுள் எதுவும் மற்றொன்றின் இசையை முழுமையாக ஏற்கவில்லை என்பது காதுள்ள எவருக்கும் புலப்பட்டிருக்கும்.

பிடிலும் இவ்வெல்லையில் நிற்கும் கருவியே. பாலுசாமி தீட்சிதர் (1786-1859) காலம் முதல் அது தென்னக இசைக்குள் வந்து நிலைபெற்றது. மேற்கில் அதன் நான்கு தந்திகளும் அடுத்தடுத்த ஐந்தாம் சுர உறவில் சேர்க்கப்படும். இங்கோ ச, ப, ச, ப எனச் சேர்க்கப்படும். மெட்டுகள் இல்லாத கருவியாதலால் எந்த அளவையும் அது முன்கூட்டியே விதிப்பதில்லை. ஆங்கிலேயர் வாசித்தால் ஆங்கில இசையும் பத்தர் வாசித்தால் இராகமும் அதே பலகையிலிருந்து எழும். இரு பண்பாடுகளின் இசையை ஒரே கருவியில் ஒப்பிட விரும்புவோர்க்கு இதைவிடத் தக்க ஆய்வுக்கூடம் இல்லை. பண்டிதர் முதலில் கற்ற கருவி இது என்பதையும், பின்னர் அவர் சான்றாக நிறுத்திய கருவி வேறு என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

எழுத்தின் சிக்கல்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னக இசையை அச்சில் எழுதும் முயற்சிகள் இரு திசைகளில் சென்றன. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1892-93இல் கீழையிசையை ஐரோப்பியக் குறிமுறையில் எழுதி வெளியிட்டார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் தெலுங்கில் வெளியிட்டார், சுர எழுத்துகளின்மேல் கமகங்களுக்கெனத் தனித்தனிக் குறிகளை இட்டமை அதன் பெருஞ்சிறப்பு. தீட்சிதரை அப்பணிக்கு ஊக்கியவர்களுள் சின்னசாமி முதலியாரும் ஒருவர். இசையை வெளியுலகிற்குக் காட்ட விரும்பியவர் ஐங்கோட்டையும், மரபைக் காக்க விரும்பியவர் சுர எழுத்தையும் கைக்கொண்டனர் எனலாம்.

ஐங்கோட்டில் எதை எழுதலாம், எதை எழுத இயலாது என்பதற்கு முத்துசாமி தீட்சிதரின் நோட்டுச் சுரங்கள் நல்ல சான்று. ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் வடமொழிச் சாகித்தியம் அமைத்த இவை ஏறத்தாழ நாற்பது. சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்த இவற்றில் கமகம் இல்லை. ஆகவே ஐங்கோட்டிலிருந்து சுர எழுத்திற்கும், சுர எழுத்திலிருந்து ஐங்கோட்டிற்கும் இழப்பின்றிப் பெயர்கின்றன. தோடியை இவ்வாறு பெயர்க்க முயன்றால் நிலைமை மாறுகிறது. சுரக்குறிப்பில் ‘க’ என்று எழுதப்படுவது சாதாரண காந்தாரம். பாடும்போது அது ரிஷபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே அசைந்து கொண்டேயிருக்கும். தன் இடத்தில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. அதனை ஐங்கோட்டில் ஒரு புள்ளியாக இட்டு ஐரோப்பியப் பிடில்காரர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் வாசிப்பது குறிப்பிற்குப் பொருந்தும், தோடிக்குப் பொருந்தாது. அசைவையெல்லாம் சிறு புள்ளிகளாகப் பிரித்து எழுதினாலோ தாள் கறுத்துப் போகும், காந்தாரம் எங்கே என்பதும் தெரியாமற் போகும்.

தமிழ் எழுத்திற்கே உரிய வசதியும் இடர்ப்பாடும் உள. குறில், நெடில் வேறுபாடு எழுத்திலேயே இருப்பதால் ‘ரி’ ஓர் அட்சரம், ‘ரீ’ இரண்டு அட்சரம் எனக் கால அளவை இயல்பாகக் காட்ட முடிகிறது. மேலும் நீட்ட வேண்டின் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் உதவுகின்றன. இடர்ப்பாடு புள்ளியில் உள்ளது. மேல்தாயிச் சுரத்தைக் காட்ட எழுத்தின்மேல் புள்ளியிடும் வழக்கம் பிற எழுத்து முறைகளில் குழப்பம் தருவதில்லை; தமிழிலோ எழுத்தின்மேல் இட்ட புள்ளி அதனை மெய்யாக்கிவிடும். மேல்தாயிச் சட்சமும் ‘ச்’ என்னும் மெய்யும் கண்ணுக்கு ஒன்றே. இடம் நோக்கி வாசகர் பிரித்தறிவர் என்பது உண்மையே. ஆனால் அச்சுக் கோப்பவர் எப்போதும் பிரித்தறிவர் என்று சொல்வதற்கில்லை. தம் நூல்களைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிடப் பண்டிதர் முனைந்ததில் இத்தகைய நடைமுறைக் காரணங்களுக்கும் பங்கிருந்திருக்கலாம். 1907இல் அவர் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ தமிழ்ச் சாகித்தியங்களை இசை பயில்வோர் கையில் சேர்க்கும் நோக்குடையது.

சுரப்பெயர்களிலும் ஒருமை இல்லை. தென்னகத்தார் ‘சுத்த ரிஷபம்’ என்பதை வடநாட்டார் ‘கோமள ரிஷபம்’ என்பர்; வடநாட்டுச் ‘சுத்த ரிஷப’மோ தென்னகச் ‘சதுச்சுருதி ரிஷபம்’. தென்னகத்தில் பன்னிரண்டு இடங்களுக்குப் பதினாறு பெயர்கள் வழங்குகின்றன. சதுச்சுருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடத்தின் இரு பெயர்கள். ஒரே நாட்டின் இரு இசைமரபுகளுக்கிடையிலேயே ‘சுத்தம்’ என்னும் சொல் இரு பொருள் தருமானால், பெயரைக் கொண்டு ஒப்பிடுவோர் முதற்படியிலேயே இடறுவர். பெயரையும் எழுத்தையும் விடுத்து எண்ணைப் பற்றுவதே வழி என்னும் எண்ணம் இச்சூழலில்தான் உருவாயிற்று.

எண்ணே பொதுமொழியாதல்

எண்ணைப் பொதுமொழியாக்கும் முயற்சி அக்காலத்தில் உலகெங்கும் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் அலெக்சாந்தர் எல்லிஸ் 1885இல் பல நாட்டு இசையளவுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு தாயியை 1200 சென்ட்டுகளாகப் பகுத்தார். எந்நாட்டுச் சுரத்தையும் அந்நாட்டுப் பெயரின்றியே அதனால் குறிக்க முடிந்தது. இயற்கையாக அமைந்த ஒரே சுரவரிசை என்று எதுவும் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. பெர்லினில் ஓட்டோ ஆபிரகாமும் எரிக் வான் ஹார்ன்போஸ்டலும் ஒலிப்பதிவுக் கருவியின் துணையுடன் இந்திய இசையை ஆராய்ந்து 1904இல் எழுதினர். பிற நாட்டு இசையை எழுதுதற்கான விதிகளை 1909இல் முன்வைத்தனர். ஐங்கோட்டையே அடிப்படையாகக் கொண்டு கூடுதற் குறிகளால் அதனைத் திருத்திக்கொள்வது அவர்கள் வழி. (பெர்லினிலும் தஞ்சையிலும் ஒரே காலத்தில் இசையை அளந்த இருவருக்கும் ஆபிரகாம் என்னும் பெயர் அமைந்தது தற்செயலே.)

பெர்லின் அறிஞர்கள் தம்முடையதல்லாத இசையை அளந்தனர். பண்டிதர் தம் இசையையே அளந்தார். அளவுகோலையும் தம் இலக்கியத்திலிருந்தே எடுக்க முற்பட்டார். வேறுபாடு இங்கே தொடங்குகிறது.

அவர் தீர்க்க முனைந்த சிக்கல் சுருதிகளின் தொகை பற்றியது. பரதர் சட்ச கிராமத்திற்கு 4, 3, 2, 4, 4, 3, 2 என 22 சுருதிகள் வகுத்தார். தமிழ் மரபில் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என 22 அலகுகள். பம்பாய் மாநிலத்தில் கே. பி. தேவல் 1910இலும் இ. கிளமெண்ட்ஸ் 1913இலும் இருபத்திரண்டு சுருதிகளுக்கு அதிர்வெண் விகிதங்களைக் கணித்து நூல் எழுதினர்; அவ்விகிதங்களுக்கேற்பச் சுருதி ஆர்மோனியம் ஒன்றும் செய்யப்பட்டது. அவ்விகித முறையில் சுருதிகள் சமமல்ல: சில 22 சென்ட், சில 70, சில 90. ஒவ்வோர் ஆசிரியரும் தத்தம் விகிதங்களைக் கூற, அவை ஒன்றோடொன்று முரண்பட்டன. தமக்கு முன் எழுதியோரின் அளவுகளை ஒருங்கே வைத்து ஒப்பிட்டு மறுப்பதற்குப் பண்டிதர் தம் நூலில் மிகப் பல பக்கங்களைச் செலவிட்டார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட அந்நூலில் படிப்பவரைக் களைப்படையச் செய்யும் பகுதியும் அதுவே, ஒப்பாய்வாளருக்கு மிகவும் பயன்படும் பகுதியும் அதுவே.

அவருடைய வாதத்தின் மையம் வட்டப்பாலை. சிலப்பதிகாரத்திற்கு அரும்பதவுரைகாரரும் அடியார்க்கு நல்லாரும் எழுதிய உரைகளில் பன்னிரண்டு இராசிகளை வட்டமாக அமைத்து நரம்புகளை அவற்றில் நிறுத்திப் பாலைகளைத் திரிக்கும் முறை காணப்படுகிறது. ஒரு நரம்பைக் குரலாகக் கொண்டு அதன் இளியைக் காண்பது. அவ்விளியைக் குரலாக்கி அதன் இளியைக் காண்பது. இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால் தொடங்கிய இடத்தை மீண்டும் அடைய வேண்டும். 3/2 என்னும் தூய விகிதத்தைக் கொண்டால் அவ்வாறு அடைய இயலாது. தூய இளி 701.96 சென்ட். பன்னிரண்டு மடங்கு ஏறத்தாழ 8423.5 ஆகும். ஏழு தாயிகளோ 8400. எஞ்சும் 23.5 சென்ட் சிறிதன்று; 900 மி.மீ. நீளமுள்ள நரம்பில் அது ஏறத்தாழ 12 மி.மீ. வேறுபாடு. வட்டம் மூட வேண்டுமாயின் இளி 700 சென்ட்டாக, அதாவது தாயி பன்னிரண்டு சமபகுதிகளாக இருக்க வேண்டும்.

சமமாகப் பகுத்தால் 22 பொருந்தாது என்பது அடுத்த படி. 1200ஐ 22ஆல் வகுத்தால் ஓர் அலகு 54.5 சென்ட், குரலிலிருந்து இளி வரை 4+4+3+2 என 13 அலகுகள், அதாவது 709 சென்ட். தம்பூரின் சுருதியோடு இசைத்துக் கேட்பவர் எவரும் இதனைப் பஞ்சமமாக ஏற்கார். கைக்கிளைக்கும் விளரிக்கும் மூன்றுக்கு மாறாக நான்கு அலகுகள் கொண்டால் மொத்தம் 24. குரலிலிருந்து இளி 14 அலகு, சரியாக 700 சென்ட். தொகை 24 என்றும், கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடும் வழக்கிலிருந்தே 22 என்னும் தொகை பிறந்தது என்றும் பண்டிதர் முடிவு கண்டார். ஆயப்பாலைக்குப் பன்னிரண்டு, வட்டப்பாலைக்கு இருபத்துநான்கு, திரிகோணப்பாலைக்கு நாற்பத்தெட்டு, சதுரப்பாலைக்குத் தொண்ணூற்றாறு என இப்பகுப்பு இரட்டித்துச் செல்கிறது.

இவ்வாதத்தின் வலிமையை ஏற்றே அதன் ஒரு தாவலைச் சுட்ட வேண்டும். வட்டம் மூட வேண்டும் என்பது வரைபடத்தின் தேவை. யாழ்ப்புலவர் ஒருவர் நரம்பு கட்டும்போது இளிமுறையில் பன்னிரண்டு படிகள் சென்று பொருத்திப் பார்த்தாரா, அல்லது ஏழு நரம்புகளை மட்டும் கட்டிவிட்டு வட்டத்தைக் கணக்கிற்கு மட்டும் வைத்துக்கொண்டாரா என்பதை உரைகள் தெளிவாகக் கூறவில்லை. ஏழு நரம்புகளுக்குள் 23.5 சென்ட் இடைவெளி எழவே எழாது. ஆகவே சமபகிர்வு உரைகாரர் வட்டத்திலிருந்து இயல்பாகப் பெறக்கூடிய முடிவு. பழந்தமிழர் செவியால் கேட்ட அளவு என்று அதனைக் கொள்வது மற்றொரு படி. விபுலானந்த அடிகள் ‘யாழ் நூலில்’ (1947) அதே உரைகளிலிருந்து விகித முறையில் 22 அலகுகளை நிறுவ முடிந்தது என்பதே இரு வாசிப்புகளுக்கும் உரைகளில் இடமிருப்பதைக் காட்டும்.

மெட்டுள்ள கருவி

1912 மே மாதம் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கிய பண்டிதர், தொடர்ந்து தஞ்சையில் பல மாநாடுகளைத் தம் செலவில் கூட்டினார். 1916 மார்ச்சில் பரோடாவில் நடந்த முதல் அனைந்திந்திய இசை மாநாட்டில் தம் கருத்தை முன்வைத்தார். வி. நா. பாத்கண்டே முன்னின்று நடத்திய அம்மாநாட்டில் சுருதியும், நாடு முழுவதற்குமான பொதுக் குறிமுறையும் விவாதப் பொருள்களாயின. பண்டிதரின் கணக்கிற்கு ஒலிவடிவம் தந்தவர்கள் அவருடைய மகள்களான மரகதவல்லியும் கனகவல்லியும் ஆவர். எண்ணால் நிறுவிய ஒரு கொள்கையை வீணையிலும் குரலிலும் நிறுவிக் காட்ட வேண்டிய சுமை அவ்விருவர் மேல் இருந்தது. இசை வரலாற்று நூல்கள் இதனைப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. சுருதி பற்றிய கருத்து வேறுபாடு அம்மாநாட்டோடு தீரவில்லை.

சான்றாக நின்ற கருவி வீணை என்பது கருதத்தக்கது. தஞ்சை வீணையில் 24 மெட்டுகள். தாயிக்குப் பன்னிரண்டாக இரு தாயிகள். மெழுகின்மேல் மெட்டுகளைப் பதிக்கும் கைவினைஞர் செவியால் இடம் காண்கிறார். நான்கு தந்திகளுக்கும் ஒரே மெட்டு பொதுவாதலால், ஒரு தந்திக்குத் தூய விகிதத்தில் வைத்த மெட்டு மற்றொரு தந்தியில் பிசகும். எல்லாவற்றிற்கும் பொருந்தச் சிறிது விட்டுக்கொடுத்தே பதிக்க வேண்டியுள்ளது. அந்த விட்டுக்கொடுப்பு இயல்பாகச் சமபகிர்வை நோக்கிச் செல்லும். எனவே பன்னிரண்டு சம இடங்கள் என்னும் கொள்கைக்கு வீணை இணக்கமான சாட்சி. வேறுபாட்டின் அளவையும் நோக்குக. 900 மி.மீ. தந்தியில் தூய பஞ்சமம் 600 மி.மீ. நீளத்தில் ஒலிக்கும், சமபகிர்வுப் பஞ்சமம் 600.7 மி.மீ. நீளத்தில். எந்த விரலும் இவ்வேறுபாட்டை உணராது. அந்தர காந்தாரமோ தூய அளவில் 720 மி.மீ., சமபகிர்வில் 714.3 மி.மீ. இங்கு வேறுபாடு கண்ணுக்கும் காதுக்கும் எட்டும். பஞ்சமத்தைக் கொண்டு வாதிட்டால் இரு கட்சியும் வெல்லும். காந்தாரத்தில்தான் வழக்கு இருக்கிறது.

வீணை மெட்டோடு நின்றுவிடும் கருவியுமன்று. வாசிப்பவர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டிலிருந்து அடுத்த இரண்டு மூன்று சுரங்களையும் எழுப்புவார். தோடியின் காந்தாரம் வீணையில் பிறப்பது அவ்விழுப்பில்தான். இழுப்பிற்கு மெட்டு இல்லை, அலகும் இல்லை. பிடிலின் மெட்டற்ற பலகையில் விரல் செய்யும் வேலையும் அதுவே. திண்டுக்கல்லில் பத்தரிடம் பயின்ற கை அந்த அசைவை அறியும். தஞ்சையில் அமைந்த அட்டவணையில் அதற்கென ஒரு நிரல் இல்லை. 24 அலகில் நிறைவடையாமல் 48, 96 எனப் பண்டிதர் பகுத்துச் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பன்னிரண்டில் அடங்காத ஒன்றைக் காது கேட்டது. அதனை மேலும் நுண்ணிய நிலைகளாக எழுத எண் முயன்றது. அசைவை நிலைகளாகப் பகுப்பதால் நிலைகளின் தொகை பெருகுமேயன்றி அசைவு எழுத்தில் ஏறாது. சுப்பராம தீட்சிதர் இட்ட கமகக் குறிகள் அளவில் துல்லியமற்றவை. ஆயினும் எழுதப்பட வேண்டியது ஓர் இயக்கம் என்பதை அவை மறக்கவில்லை.

பின்னைய அளவைகள்

ஒலிப்பதிவும் மின்னணு அளவைக் கருவிகளும் வந்தபின் இவ்விவாதம் வேறு தளத்திற்கு நகர்ந்தது. நசீர் ஜைரஸ்போயும் ஸ்டோனும் 1963இல் வடஇந்தியக் கலைஞர்களின் சுரங்களை அளந்தபோது, ஒரே சுரம் கலைஞருக்குக் கலைஞர் வேறுபடுவதைக் கண்டனர். நிலையான 22 இடங்கள் தென்படவில்லை. தென்னக இசையை ஆராய்ந்த அரவிந்த் கிருஷ்ணசாமி 2003இல் வெளியிட்ட கட்டுரையில் பன்னிரண்டு அடிப்படை இடைவெளிகளையே கண்டறிய முடிவதாகக் கூறினார். பண்டிதரின் பன்னிரண்டிற்கு இது வலுச் சேர்க்கிறது. ஆயினும் அவருடைய இருபத்துநான்கிற்கும் அதன் இரட்டிப்புகளுக்கும் இத்தகைய அளவைகள் துணைநிற்கவில்லை. இன்றைய பாடகரின் குரலை அளந்து பெற்ற முடிவைக் கொண்டு இளங்கோவடிகள் காலத்து யாழை நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது. இந்த எச்சரிக்கை பண்டிதருக்கும் பொருந்தும், அவரை மறுத்தோருக்கும் பொருந்தும்.

இன்றைய ஒப்பாய்வாளர் ‘கருணாமிர்த சாகரத்தை’ அணுகும்போது அதன் அட்டவணைகளையும் அவற்றின்மேல் எழுப்பப்பட்ட வரலாற்று முடிவுகளையும் பிரித்தே வாசிக்க வேண்டியுள்ளது. தமிழ் இசையே தொன்மையானது, பிற அதன் வழிவந்தவை என்னும் முடிவு அக்காலத்துப் பண்பாட்டு வழக்கின் பகுதி. அதன் ஏற்பும் மறுப்பும் தனி ஆய்வுக்குரியன. அட்டவணைகளின் பயன் அவ்வழக்கைச் சார்ந்ததன்று. ஒரே நீளமுள்ள நரம்பின்மேல், ஒரே அலகில், பல ஆசிரியர்களின் கூற்றுகளைத் தமிழில் எழுதி அடுத்தடுத்து நிறுத்திய செயல் அதுவரை தமிழ் இசைநூல்கள் முயலாத அளவிலானது. ஐரோப்பியச் சமபகிர்வும் தேவலின் விகிதங்களும் அடியார்க்கு நல்லாரின் அலகுகளும் அங்கு ஒரே நடுவர்முன் வருகின்றன. நடுவர் சமபகிர்வின் பக்கம் சாய்ந்தவர் என்பதை அறிந்த வாசகர், எண்களை மீண்டும் கணக்கிட்டுத் தம் முடிவைத் தாமே காணலாம். பண்டிதர் எண்களை மறைக்காமல் முழுமையாக அச்சிட்டதால்தான் அவரை மறுப்பதற்கும் வழி திறந்திருக்கிறது.

பண்டிதர் 1919 ஆகஸ்டில் மறைந்தார். நூலின் இரண்டாம் தொகுதி, பரோடாவில் அவருக்காக இசைத்துக் காட்டிய மரகதவல்லியால், மரகதவல்லி துரைப்பாண்டியன் என்னும் பெயரில் 1946ஆம் ஆண்டு பதிப்பிக்கப்பெற்றது. தந்தையின் எண்கள் வீணையில் எவ்விடங்களில் விரலுக்கு இணங்கின, எவ்விடங்களில் இணங்கவில்லை என்பதை அவரைப் போல் அறிந்தவர் வேறெவரும் இருந்திருக்க இயலாது.